துக்கம், நட்பு, பயணம்: இப்படியொரு நாவல் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நண்பன் ஒருவன் இறந்துபோகிறான். மிச்சமிருக்கும் நாலு பேர் அவனுக்காக ஒரு பயணம் கிளம்புகிறார்கள். இந்தக் கதையை எழுதிப் பார்க்க ஆசைப்படும் இளம் எழுத்தாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சி எதுவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயணம் துக்கத்தைத் தீர்த்துவைக்கக் கூடாது. மிஞ்சியிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் விதம் மாறினால் போதும், அதுவே ஒரு நாவலுக்குத் தாங்கும்.

துக்கக் கதைக்குப் பயணம் எதற்கு? வீட்டிலேயே நடக்கக் கூடாதா?

தாராளமாக நடக்கலாம். ஆனால் வீட்டில் யாரும் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். வண்டிக்குள் அது முடியாது. சண்டை முற்றினாலும் அடுத்த நிறுத்தம் வரை பக்கத்திலேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதோடு, எல்லோரும் முன்னால் பார்த்தபடி இருக்கும்போது, முகத்துக்கு நேரே சொல்ல வராதது வாயில் வந்துவிடும். ராத்திரி நேரம், ஓட்டுகிறவன் கண் சாலையில் இருக்க, பின்சீட்டிலிருந்து ஒருத்தி மெல்லப் பேச்சை எடுக்கிறாள் என்றால் அந்தக் காட்சி பாதி தானாகவே எழுதிக்கொள்ளும்.

இன்னொரு வசதியும் உண்டு. பயணம் என்றால் சின்னச் சின்ன வேலைகள். வழி பார்ப்பது, கணக்கு வைப்பது, காலையில் எல்லோரையும் எழுப்புவது, தெரியாத ஊரில் யாரிடமாவது போய் விசாரிப்பது. நண்பர் கூட்டத்தில் இந்த வேலைகள் யாரும் சொல்லாமலே பங்கு பிரிந்திருக்கும். இறந்தவன் செய்துவந்த வேலை இப்போது காலியாகக் கிடக்கும். வழி கேட்க யாரும் இறங்காமல் வண்டி ஓரமாக நிற்கிறது, நாலு பேரும் உட்கார்ந்தே இருக்கிறார்கள். எப்போதும் இறங்கிப் போனவன் அவன்தான் என்பதை நீங்கள் எழுதவே வேண்டாம், வாசகருக்குப் புரிந்துவிடும்.

ஊர்ப் பெயர்களையும் காட்சிகளையும் அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். போகிற இடத்தின் அழகு, பார்க்கிறவர் மனநிலை வழியாக வரும் அளவுக்கு வந்தால் போதும்.

எதற்காகக் கிளம்புகிறார்கள் என்பது முக்கியமா? சாம்பலைக் கரைக்கப் போவது என்று வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் அது பழகிய பாதை. கலசத்தைப் பார்த்ததுமே கடைசிக் காட்சி என்ன என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். நான் சொல்வது, காரணம் சின்னதாக இருக்கட்டும். அவன் யாரிடமோ வாங்கித் திருப்பித் தராத ஒரு கேமரா. எழுதி முடித்தும் அனுப்பாமல் விட்ட ஒரு விண்ணப்பம். போகிறேன் என்று ஒப்புக்கொண்ட ஒரு கல்யாணம்.

இதில் கேமரா எனக்கு அதிகம் பிடிக்கிறது. அதற்குச் சொந்தக்காரர் அவன் மேல் கோபமாக இருக்கலாம். இவர்கள் போய்ச் சேரும்போது, அவன் இறந்த செய்தியே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இவர்கள் கொண்டாடும் நண்பனை அவர் "ஏமாத்துக்காரன்" என்கிறார். அப்போது யார் முதலில் பேசுவது? அந்த இடத்தில் நாவலுக்கு உயிர் வந்துவிடும். காரியம் சின்னதாக இருந்தால் அதை முடிக்க முடியும். முடிந்த பிறகும் துக்கம் அப்படியே இருப்பதைக் காட்டவும் முடியும்.

துக்கம் ஐந்து கட்டமாக வரும் என்கிறார்களே, அதே வரிசையில் அத்தியாயங்களைப் பிரிக்கலாமா?

வேண்டாம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்தையும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் வெளிவந்த தன் புத்தகத்தில் விவரித்தார். அவர் பேசியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். அவர்களைப் பறிகொடுத்தவர்களுக்கும் அதே வரிசை பொருந்தும் என்பது பிறகு பரவிய எண்ணம். நிஜத்தில் யாரும் படி படியாக ஏறிப்போய் ஏற்பில் நிற்பதில்லை.

கதை எழுதுகிறவர்களுக்கு அதைவிட உதவக்கூடிய ஒன்று இருக்கிறது. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் என்ற இருவர் 1999இல் முன்வைத்த 'இரட்டைச் செயல்முறை' என்ற விளக்கம். துக்கப்படுகிறவர் ஒரு பக்கம் இழப்பையே சுற்றிச் சுற்றி வருகிறார். இன்னொரு பக்கம், மாறிப்போன வாழ்க்கைக்கு வேண்டிய காரியங்களைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவே போய்ப் போய் வருவதுதான் இயல்பு என்கிறார்கள். நாலு பேர் ஒரே வண்டியில் இருக்கிறார்கள், நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருக்க மாட்டார்கள். ஒருத்தி அவன் பேச்சையே எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னொருவன் அடுத்த வாரம் வரும் வேலை நேர்காணலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். "உனக்கு எப்படிடா மனசு வருது?" என்று அவள் கேட்கிறாள். மறுநாள் அவள் சாதாரணமாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறாள், உடைந்துபோவது அவன். வில்லன் யாரும் இல்லாமலே மோதல் கிடைத்துவிடுகிறது.

குடும்பத்தின் துக்கம் சரி. நண்பர்களின் துக்கத்துக்கு அவ்வளவு கனம் உண்டா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் இந்த வகை நாவலின் நெஞ்சே இங்கேதான் இருக்கிறது. சாவு வீட்டில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. வருகிறவர்கள் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். தினமும் ராத்திரி ஒரு மணி வரை அவனோடு பேசிக்கொண்டிருந்த சிநேகிதி வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நாற்காலி எடுத்துப் போடு, தண்ணீர் கொடு என்று அவளிடம்தான் வேலை சொல்கிறார்கள். மூன்றாம் நாள் கல்லூரிக்கு வந்துவிட வேண்டும். விடுப்புக் கடிதத்தில் 'நண்பர் மறைவு' என்று எழுதினால் அது ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளப்படாது.

சமூகம் ஒத்துக்கொள்ளாத இப்படிப்பட்ட துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989இல் ஒரு தொகுப்பு நூலே கொண்டுவந்தார். வெளியே சொல்லாத காதல், பிரிந்துபோன துணை, நண்பர்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். துக்கப்படும் உரிமையே கிடைக்காதபோது துக்கம் இன்னும் சிக்கலாகிறது என்பது அவர் வாதம்.

உங்கள் நாலு பேர் ஏன் வண்டியேறுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கிடைக்காத இடத்தை வழியில் தேடிப் போகிறார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தியாக இறந்தவனின் தங்கையை ஏற்றிவிட்டால் கதை இன்னும் கெட்டிப்படும். உரிமை உள்ள துக்கமும் உரிமை இல்லாத துக்கமும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போகும். "உங்களுக்கு அவன் வெறும் ஃப்ரெண்டு" என்று அவள் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லவிடாமல் அவளை நல்லவளாகவே வைத்துக் காப்பாற்றாதீர்கள்.

இறந்தவனை எப்படிக் காட்டுவது? முன்கதை எவ்வளவு வேண்டும்?

நான் பார்க்கும் பிரதிகளில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அவன் அழகன், அறிவாளி, எல்லோருக்கும் உதவியவன், எப்போதும் சிரித்தவன். அப்படிப்பட்டவன் இறந்தால் வாசகர் தலையாட்டுவார், அழ மாட்டார். அவனுக்குச் சில கெட்ட குணங்களைக் கொடுங்கள். வாங்கிய கடனை மறந்துவிடுவான். எல்லோருக்கும் ஒரே ரகசியத்தைத் தனித்தனியாகச் சொல்லி, "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்பான். இறந்த பிறகு பயணத்தில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது இது வெளிவந்தால் எப்படி இருக்கும்? கோபம் வரும், சிரிப்பும் வரும், அவன்மேல் பிரியமும் கூடும்.

நாலு பேரிடமும் நாலு விதமான அவன் இருக்கட்டும். ஒருவனுக்கு அவன் தைரியசாலி. அவன் பயந்து நடுங்கியதை இன்னொருத்தி ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்திருக்கிறாள். இரண்டும் உண்மை. வண்டிக்குள் இந்த நாலு பேரும் அவனைப் பற்றி ஒத்துப்போகவே மாட்டார்கள், ஒத்துப்போகவும் வேண்டாம்.

முன்கதையைத் தனி அத்தியாயங்களாக வைத்துக் கதையை நிறுத்தி நிறுத்தி ஓட்டாதீர்கள். அவன் உபயோகித்த ஒரு வசவு, அவன் திரித்துப் பாடிய ஒரு பாட்டு, அவன் வைத்த பட்டப்பெயர் எனக் கூட இருப்பவர்களின் பேச்சுக்குள்ளேயே அவன் வந்து போகட்டும்.

கடைசியில் 'அவனை மறந்து முன்னே போக வேண்டும்' என்று ஒரு பெரியவரை வைத்துச் சொல்லவைப்பதையும் விட்டுவிடுங்கள். இறந்தவர் மேலிருக்கும் பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்வதுதான் துக்கத்தின் வேலை என்ற கருத்து, ஃப்ராய்டு 1917இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் 1996இல் தொகுத்த நூல் அதை மறுத்தது. இறந்தவரோடு உள்ள உறவு வேறு வடிவத்தில் தொடர்கிறது, அது நோயல்ல என்று அந்த நூல் காட்டியது. அவனிடம் மனசுக்குள் பேசுவது, அவன் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்து ஒரு முடிவெடுப்பது எல்லாம் இயல்பானவை. உங்கள் பாத்திரங்களுக்கும் அந்தச் சுதந்திரம் வேண்டும்.

வாசகரை அழவைக்கும் காட்சியை எப்படி எழுதுவது?

அழவைக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் வராது. "கண்ணீர் ஆறாகப் பெருகியது, அவன் நினைவுகள் அவள் நெஞ்சைக் கிழித்தன" என்ற மாதிரி வாக்கியங்களில் எழுதுகிறவரே எல்லாவற்றையும் உணர்ந்து முடித்துவிடுகிறார். படிப்பவருக்கு வேலை இல்லை. இப்படி ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள்:

பேருந்தில் கண்டக்டர் வந்து "எத்தனை?" என்கிறார். நாலு பேரில் ஒருத்தி "அஞ்சு" என்கிறாள். அவர் ஐந்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார். கூட இருக்கும் மூன்று பேரும் திருத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஒருவன் அவள் கையிலிருந்து டிக்கெட்டுகளை வாங்கி ஆளுக்கொன்று பிரித்துக் கொடுக்கிறான். மிஞ்சியதை என்ன செய்வது என்று தெரியவில்லை. தன்னுடையதோடு சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான்.

யாரும் அழவில்லை. ஆனால் இந்தக் காட்சிக்கு அடுத்தடுத்த அத்தியாயங்களில் வேலை இருக்கிறது. துணி துவைக்கும்போது பையில் கிடந்த இரண்டு டிக்கெட்டும் கூழாகிப்போனால் அது ஒரு சண்டைக்குப் போதும். அந்தச் சண்டையில் யாராவது அழட்டும்.

துக்கக் கதையில் சிரிப்பு வரலாமா?

வர வேண்டும். இருபது வயதுப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து போகிறார்கள், சிரிக்காமல் எப்படி? தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியல், அழுகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக இழவை, அதாவது இழப்பை, சொல்கிறது. நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் நான்கில் ஒன்றாக இளமையைச் சொல்கிறது. உங்கள் வண்டியில் இரண்டும் ஏறியிருக்கின்றன. சிரித்து முடித்ததும் ஒருவருக்குக் குற்ற உணர்ச்சி வரும் பாருங்கள், அந்த நொடியை விட்டுவிடாதீர்கள்.

தமிழில் இதற்கு முன்னோடி உண்டா?

நாவல் என்ற வடிவத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், புறநானூற்றிலேயே இருக்கிறது. மூவேந்தர் பகையில் பாரி இறந்துபோகிறான். அவன் நண்பர் கபிலர், பாரியின் இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு பறம்பு மலையை விட்டுக் கிளம்புகிறார். அவர்களுக்கு ஒரு வாழ்க்கை அமைத்துக் கொடுக்க மன்னர்களிடம் போய்க் கேட்கிறார். நண்பனை இழந்த ஒருவரும் அப்பாவை இழந்த இரண்டு இளம்பெண்களும் சேர்ந்து போன பயணம் அது.

அந்தப் பெண்கள் பாடியதாக வரும் 112ஆம் பாட்டு ஐந்தே வரி. போன மாதம் அந்த நிலவில் அப்பாவும் இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதம் இந்த நிலவில் மலையையும் எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. அவ்வளவுதான். வலி, கண்ணீர், துயரம் என்று ஒரு சொல் அதில் கிடையாது. மேலே சொன்ன அழுகைக் காட்சிக்கு இதைவிட நல்ல பாடம் என்னால் காட்ட முடியாது. எழுதத் தொடங்கும் முன் அந்த ஐந்து வரியை ஒரு தடவை கையால் எழுதிப் பாருங்கள்.

எத்தனை பாத்திரங்கள்? யார் சொல்வது?

மூன்று அல்லது நாலு பேர் போதும். ஐந்தாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் சும்மா உட்கார்ந்து வருவார். முதல் நாவல் என்றால் ஒருவர் பார்வையிலேயே சொல்லுங்கள். இறந்தவனுக்கு மிக நெருங்கியவராக அவர் இருக்க வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் தள்ளி இருந்தவர், 'நான் அழலாமா?' என்ற சந்தேகத்தோடு வருகிறவர், பெரும்பாலும் நல்ல கதைசொல்லியாக இருப்பார்.

செல்போனை என்ன செய்வது? எல்லாம் போனிலேயே தீர்ந்துவிடுகிறதே.

போனை ஒளித்துவைக்காதீர்கள். இன்றைய இளைஞர்களின் துக்கத்தில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அவன் எண் இன்னும் இருக்கிறது. பயணத்தைப் பற்றி அங்கே பேசினால் அவன் கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். அவனை நீக்கிவிட்டுப் பேசவும் கை வராது. ஒருவன் அவன் இல்லாமல் புதுக் குழு ஒன்று தொடங்குகிறான், வசதிக்காகத்தான். மற்றவர்களுக்கு அது துரோகமாகப் படுகிறது.

இன்னொரு விவரம். சுமார் 120 நாள் பயன்பாட்டில் இல்லாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். அப்போது அந்த எண் குழுக்களிலிருந்தும் போய்விடும். யாரும் எதிர்பார்க்காத ஒரு நாளில் அவன் குழுவை விட்டு வெளியேறியதாக ஒரு வரி, குழுவின் அட்மினாக இருப்பவர் திரையில் வருகிறது. பயணத்தின் நடுவே இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதை யாராவது நன்றாக எழுதிப் படிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நடுவில் காதல் வேண்டுமா?

தானாக வந்தால் வரட்டும். துக்கத்துக்கு மருந்தாக மட்டும் காதலைக் கொண்டுவராதீர்கள். நட்பு ஒன்றே போதாது என்று நீங்களே நினைத்துவிட்டால் வாசகரும் அப்படியே நினைப்பார்.

இறப்பு தற்கொலை என்று வைத்தால் என்ன கவனிக்க வேண்டும்?

முறையை விவரிக்காதீர்கள். அழகாக்காதீர்கள். இறந்ததால் அவன் ஏதோ சாதித்தான், எல்லோரும் அவனைப் புரிந்துகொண்டார்கள் என்ற மாதிரிக் கதை போகக் கூடாது. ஒற்றைக் காரணத்தில், ஒரு மதிப்பெண்ணிலோ ஒரு காதல் தோல்வியிலோ, முழுப் பழியையும் போட்டுவிடவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கான வழிகாட்டியை 2023இல் புதுப்பித்தது. திரை, மேடைக் கலைஞர்களுக்காக 2019இல் தனியாக ஒன்று வெளியிட்டது. எழுத்தாளர்களும் அவற்றைப் படிப்பது நல்லது. கடிதம் விட்டுச்செல்வது, அதை ஒவ்வொரு பகுதியாக வாசித்துக்கொண்டே பயணம் போவது என்ற அமைப்பைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வேன். அது இறந்தவனுக்குத் தன் சாவுக்குப் பிறகும் எல்லோரையும் ஆட்டிவைக்கும் சக்தியைக் கொடுத்துவிடுகிறது. வேதனையில் இருக்கும் ஒரு வாசகருக்கு அது தப்பான செய்தி. புத்தகத்தில் உதவி எண்களை அச்சிடுங்கள்.

என் நண்பர் உண்மையிலேயே இறந்துவிட்டார். நான் இப்போதே எழுதலாமா?

முதலில், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்.

எழுதுங்கள், ஆனால் நாவலாக வேண்டாம், உங்களுக்காக. ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், மனதைப் பாதித்த சம்பவங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதிய கையோடு மனசு கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. எல்லோருக்கும் இதே பலன் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதும்போது தாங்கவில்லை என்றால் மூடிவைத்துவிடுங்கள், தப்பே இல்லை.

நாட்குறிப்பு நாவலாவதற்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும். உங்கள் நண்பருக்குச் செய்ய முடியாத ஒன்றைப் பாத்திரத்துக்குச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்: அவரைப் பற்றி ஒரு பொய் சொல்ல முடிகிறதா, அவரோடு ஒரு சண்டையைக் கற்பனை செய்ய முடிகிறதா? அது முடிகிறபோது நாவலுக்குத் தயாராகிவிட்டீர்கள். குடும்பத்தாரிடம் பேசுங்கள். பெயர், ஊர், இறந்த விதம் மூன்றையும் மாற்றுங்கள். அவர் உங்களிடம் மட்டும் சொன்னது எதுவும் அச்சில் வர வேண்டாம்.

இன்னொன்று. ஒரு வருடம் தாண்டியும் பெரும்பாலான நாட்கள் எழுந்து நடமாடவே முடியாத அளவுக்கு ஏக்கம் அழுத்தினால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2022இல் இதைச் சேர்த்திருக்கிறார்கள், சிகிச்சையும் உண்டு. தாங்க முடியவில்லை என்றால் ஒரு வருடம் காத்திருக்கவே வேண்டாம், நாளைக்கே போகலாம்.

முடிவு எப்படி இருக்க வேண்டும்?

போன இடத்தில் முடிக்காமல் திரும்பி வரும் வழியையும் எழுதுங்கள் என்பேன். போகும்போது ஒரு வேலை இருந்தது, திரும்பும்போது ஒன்றும் இல்லை. அந்த வெறுமையில் நாலு பேரும் எப்படி நடந்துகொள்கிறார்கள்? ஒருவர் பாதியில் இறங்கிக்கொள்ளலாம். இரண்டு பேர் இனிமேல் அவ்வளவாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரியவரலாம். ஒட்டவைத்தவன் போய்விட்டால் சில நட்பு பிரிந்துபோகும், அது யார் தப்பும் இல்லை. அதை எழுதத் தயங்காதீர்கள். இதுவரை அதிகம் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் நெருங்கியும் வரலாம்.

முதல் பிரதியை யாரிடம் படிக்கக் கொடுப்பது?

இரண்டு பேரிடம். ஒருவர் நெருங்கிய ஒருவரை இழந்தவர், இன்னொருவர் இன்னும் அப்படி யாரையும் இழக்காதவர். முதலாமவரிடம் கதை எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். படித்து முடித்ததும் "எங்கே அழுதீங்க?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுவார்கள். எந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படித்தார்கள் என்று கேளுங்கள். அப்புறம் இறந்தவனைப் பற்றிக் கேளுங்கள், அவனோடு ஒரு நாள் வண்டியில் போக அவர்களுக்குப் பிடித்திருக்குமா என்று. இருவரும் தயங்கினால் அந்தப் பாத்திரத்தைத் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.